அட்டையில் ஒரு துளி

ஊசிகௌபுங்கியில் குளிர்காலம் முழுக்க
நகராட்சி லாரி சாலைக்கு உப்புப் போடும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்தது
என் பழைய சாப் காரின் பிரேக் குழாய்.
சோதனை நிலையத்துப் பையன்
ஸ்க்ரூடிரைவர் நுனியால்தான் தொட்டான்,
வறட்டு ரை ரொட்டி மாதிரி உதிர்ந்தது.
"இதில் வீடுவரைக்கும்கூடப் போகாதீங்க" என்றான்.
கயிறு கட்டி இழுத்து வந்தேன்.

தாமிரமும் நிக்கலும் கலந்த புதுக் குழாய்
சுருளாக வந்தது. கட்டைவிரலால்
தடவித் தடவி நேராக்கினேன்.
பழையதைக் கழற்றி மாதிரிக்கு வைக்கலாமென்றால்
அது நாலு துண்டாகக் கையோடு வந்தது.
வேலிக் கம்பியை எடுத்து
காரின் அடிவயிற்றோடு ஒட்டிப் படுக்கவைத்து
ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே,
எக்ஸாஸ்டுக்குப் பயந்து விலகுவது எங்கே என்று
கேட்டுக் கேட்டு வளைத்தேன்.
கம்பி சொன்னபடி குழாய்.

அறுத்தேன். பிசிறு வழித்தேன்.
கருவியில் இறுக்கித் திருகி
முனையைக் காளான் தலையாக விரித்தேன்.
என்ன அழகு!
சுற்றிலும் ஒரே சீர், ஒரு கீறல் இல்லை.
விளக்கில் காட்டிப் பார்த்தேன்.
போனில் படம்கூட எடுத்துக்கொண்டேன்.
அப்புறம்தான் பார்த்தேன், மேசைமேல்
குழாயில் முன்னமே கோத்திருக்கவேண்டிய
நட்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.
அறு. மறுபடி.
இந்த முறை நட்டைக் கோத்தேன்,
தலைகீழாக.
அறு.
மூன்றாம் முறை எல்லாம் சரி,
குழாய்தான் ஒரு விரற்கடை குட்டை.
எட்டாத குழாயை இழுத்துப் பூட்டினால்
ஓட்டத்தின் நடுக்கத்தில் ஒரு நாள் விரியும்.
சுருளின் கடைசி மீட்டரை எடுத்தேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

பொருத்துவதுவரை ஒற்றையாள் வேலை.
காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திறக்க.
பக்கத்துக் கொட்டகை ஆர்வோ
மே மாதம்வரை ஸ்பெயினில்.
கடைசிக் கொட்டகை என் தம்பி என்சியோவுடையது.
ஒரே கூரை, நடுவில் மூன்று சுவர்,
பதினோரு மாதம்.

படகை அவனைக் கேட்காமல் விற்றேன். அவ்வளவுதான்.
பாதிப் பணத்தை உறையிலிட்டு
அவன் கதவிடுக்கில் செருகினேன்.
மறுநாள் உறை என் கதவிடுக்கில்,
ஒட்டியது ஒட்டியபடி.

போய்த் தட்டினேன்.
"ஒரு கால் வேணும்."
"எந்தக் கால்?"
"வலது."

கையில் காபிக் கோப்பையோடு வந்தான்,
ஏறி உட்கார்ந்தான்.
தூரத்துச் சக்கரத்தில் தொடங்கினேன்.
மிதி.
திறந்துட்டேன்.
பிடி.
மூடிட்டேன்.
விடு.
ஜாம் பாட்டிலுக்குள் போகும் தெளிந்த குழாயில்
முதலில் பால் நுரை,
பிறகு கடுகு கடுகாய்க் குமிழி,
பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை,
முடிந்தது என்று நினைக்கையில் இன்னும் ஒன்று.
மிதி.
பிடி.
"பஞ்சா அமுங்குது" என்றது மேலிருந்து குரல்.
விடு.

நாலாவது சக்கரத்தில், "கல்லு" என்றான்.
நான் அடியிலேயே படுத்திருந்தேன்.
அங்கிருந்து அவன் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.
"யாரு வாங்கினது?"
"ரவுமாக்காரர் ஒருத்தர்."
"மோட்டாரோடவா?"
"மோட்டாரோட."
பூட்ஸ் கொஞ்சம் நின்றது. போயிற்று.

இருக்கைக்கும் மிதிக்கும் நடுவே
துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்து
இரவு முழுக்க அழுத்தம் நிற்க விட்டேன்.
ஒவ்வொரு மூட்டின் கீழும்
புது அட்டை விரித்தேன்.
கொட்டகையை நான் பூட்டுவதில்லை,
இதைத் திருட யார் வருவார்?

காலையில் டார்ச் அடித்தால்
பின்சக்கரத்து அட்டையில் ஒரு துளி.
வயிற்றில் புளி கரைத்தது.
மல்லாந்து நுழைந்து மூட்டைத் தடவினேன், காய்ந்திருந்தது.
துளியைத் தொட்டேன்.
பிரேக் எண்ணெய் வழுக்கும்.
இது விரலில் பிசுபிசுத்தது.
மோந்து பார்த்தேன்.

காபி.

அட்டையை நான் விரித்ததே
அவன் போன பிறகுதான்.